அக்காவின் ஜாம்பியாக் கிழங்கு

என் அக்கா ஜாம்பியா நாட்டிலிருந்து கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவைத்த பூக்கிழங்கை நான் வெட்டினேன். பிறகு, அது மழையில் அழுகிவிட்டது என்று அவளிடம் பொய் சொன்னேன். தான் ஊற்றிய தண்ணீரால்தான் அழுகியதோ என்று அவள் கேட்டபோது, "இருக்கலாம்" என்றேன். மூன்றிலும் பெரிய குற்றம் அந்தக் கடைசிச் சொல்தான். முப்பது வருடங்களுக்கு மேல் அவள் அதை நம்பிக்கொண்டிருந்தாள்.

அத்தான் கணக்கு வாத்தியார். அந்தக் காலத்தில் ஆப்பிரிக்காவில் பள்ளிக்கூட வேலைக்கு நம் பக்கத்திலிருந்து பலர் போனார்கள். அவரும் போனார், அக்காவும் கூடப் போனாள். பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பிவந்த அடுத்த வருடமே அத்தான் மாரடைப்பில் போய்விட்டார். அக்காவுக்கு அங்கிருந்து மிஞ்சியது இரண்டு தகரப் பெட்டிகளும், அந்தக் கிழங்கும், அப்போது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த மகனும்தான்.

கிழங்கு ஒரு தேங்காய் அளவு இருக்கும். மேலே சருகு அடுக்கடுக்காகப் போர்த்தியிருக்கும். பாதி மண்ணுக்குள், பாதி வெளியே. இலைகள் வட்டமாக விரியாது. இரண்டு பக்கமும் ஒரே வரிசையில் அடுக்கி, பிரித்துவைத்த விசிறி மாதிரி நிற்கும். பூவை நான் பார்த்ததில்லை. அக்கா சொல்லித்தான் கேட்டிருந்தேன். அவர்கள் இருந்த பள்ளிக் குடியிருப்புக்குப் பின்னால் வருடா வருடம் பூக்குமாம். அத்தான் சாயங்காலம் ஒரு நாற்காலியைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் போட்டுக்கொடுப்பாராம்.

"படிச்சவன் கையில இருக்கட்டும். குன்னத்துல எங்க மாமியா வூட்டுல வெச்சா ஆடு மேஞ்சிரும், கோழி கெளறிரும். பூத்தா சொல்லியனுப்பு, வந்து பாத்துக்கறேன்" என்று சொல்லி என்னிடம் கொடுத்தாள்.

நான் அப்போது அரியலூரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆய்வகத்துக்கு வெளியே தொட்டியில் வைத்தேன். இரண்டு வருடம் நன்றாகவே இருந்தது. செய்முறைத் தேர்வுக்குத் திருச்சியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் அதன் முன்னால் நின்றுவிட்டார்.

"என்ன சார் இது, தேங்காய்க்கு விசிறி முளைச்ச மாதிரி?"

"இது நம்ம ஊர்ல கிடைக்காது சார். ஆப்பிரிக்கா."

"உள்ள எத்தனை அடுக்கு இருக்கும்?"

"வெட்டியே பாத்துரலாம் சார்" என்றேன்.

அவர் வெட்டச் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். என் துறையில், என் மாணவர்கள் முன்னால், யாரும் பார்க்காத ஒன்றை அறுத்துக் காட்டுகிற பெருமை எனக்கு வேண்டியிருந்தது. கிழங்கின் அடுக்குகளைக் காட்டுவதற்கு அந்த அறையிலேயே ஒரு கூடை சின்ன வெங்காயம் இருந்தது. வெங்காயம் விளைகிற ஊரில், வெங்காயம் போட்ட குடும்பத்தில் பிறந்தவன் நான். வெங்காயத்தில் தெரியாத எதுவும் அந்தக் கிழங்கில் தெரியவில்லை. பேராசிரியர் தலையை ஆட்டிவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்.

அப்போதும்கூட அதைக் காப்பாற்றியிருக்கலாம். வேர் விடுகிற அடித்தட்டோடு சேர்ந்த துண்டுகளை மணலில் புதைத்துவைத்தால் ஒன்றிரண்டாவது பிழைக்கும். வகுப்பில் அதைப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். ஆனால் துண்டுகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்குமே என்று எல்லாவற்றையும் அள்ளிக் குப்பையில் போடச் சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதம் அக்கா வந்தாள். தொட்டி காலியாக இருந்தது. மழையில் அழுகிவிட்டது என்றேன். கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்தாள்.

"போன தடவ வந்தப்ப காஞ்சு கெடக்கேன்னு ஒரு சொம்புத் தண்ணி ஊத்துனேன்டா. அதுனாலயா?"

"இருக்கலாம்."

அவள் அழவில்லை. என்னைத் தேற்றினாள். "நீ என்னடா பண்ணுவ, நான் செஞ்சதுக்கு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் எதையும் நடவில்லை. இது எனக்கு உடனே தெரியவில்லை. வருடங்கள் போகப் போகத்தான் தெரிந்தது. வாசலில் ஒரு கனகாம்பரம்கூட இல்லை. கோயில் திருவிழாவில் முளைப்பாரிக்கு விதை தூவக் கூப்பிட்டால், "எங் கை ஆகாது, வேற யாரையாவது கூப்புடுங்க" என்று ஒதுங்கிக்கொள்வாள். வயலில் நாற்று முடியை எடுத்துக் கொடுக்கக்கூடத் தயங்குவாள். நான் அதையெல்லாம் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பணி ஓய்வு பெற்றுப் பெரம்பலூரில் வீடு கட்டிக் குடிவந்த பிறகுதான் ஒரு வேலை செய்தேன். என் பழைய மாணவர் ஒருவர் அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் இருந்தவர், ஜாம்பியாவில் ஒரு சிமெண்ட் ஆலைக்கு வேலையாகப் போயிருந்தார். விசிறி இலை, சருகு போர்த்த கிழங்கு என்று அடையாளம் எழுதி அனுப்பினேன். காரணம் எழுதவில்லை. லீவில் வந்தபோது முறைப்படி அனுமதி வாங்கி விதைகள் கொண்டுவந்தார்.

"சார், நீங்க சொன்ன செடி எங்க சுண்ணாம்புக்கல் குவாரிக்குப் பின்னாடியே கெடக்கு சார். அங்க ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டேங்கறான். நீங்க என்னடான்னா கடல் தாண்டிக் கொண்டாரச் சொல்றீங்க."

பச்சைப் பட்டாணி போல இருந்தன விதைகள். பொட்டலத்துக்குள்ளேயே சில வேர்விட்டிருந்தன. இந்தச் சாதி விதை காத்திருக்காது; கிடைத்த அன்றே மண்ணில் போட்டுவிட வேண்டும். போட்டேன்.

வெளிநாட்டுப் புத்தகங்களில் இந்தக் கிழங்குகளைக் கண்ணாடி வீட்டில் வளர்க்கச் சொல்லியிருக்கும். எனவே நானும் கண்ணாடி வீடு கட்டினேன். இடித்த பங்களா ஒன்றின் ஜன்னல் கண்ணாடிகளை வாங்கி, இரும்புச் சட்டம் அடித்து, நான்கு பக்கமும் கூரையும் கண்ணாடியாகவே வைத்தேன். தெருவே வந்து பார்த்துச் சிரித்தது. புத்தகம் எழுதியவர்கள் குளிருக்குப் பயந்து கட்டினார்கள். பெரம்பலூரில் எந்தக் குளிர்? பங்குனி முடிவதற்குள் உள்ளே இட்லிப் பானை மாதிரி ஆகிவிட்டது. முளைத்ததில் பாதி வெந்துபோயிற்று.

"ஏங்க, வடகம் போட எடம் தேடிக்கிட்டு இருந்தேன். நல்லதாப் போச்சு" என்று என் மனைவி வடகத் தட்டோடு உள்ளே போனாள்.

பக்கவாட்டுக் கண்ணாடிகளைக் கழற்றிவிட்டுக் கம்பிவலை அடித்தேன். கூரையை மட்டும் விட்டேன். அதற்கும் பங்குனியில் மேலே சுண்ணாம்பு அடித்துவிடுவேன். மழை வந்ததும் அதுவாகவே கரைந்து வெளிச்சம் வரும். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நம் ஊரில் கண்ணாடி வேண்டியது குளிருக்கு அல்ல, மழைக்கு. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் விடாமல் பெய்தால் கிழங்கின் கழுத்தில் தண்ணீர் தங்கி அழுகிவிடும். மழையை மேலே நிறுத்தி, வெயிலை மட்டும் உள்ளே விட வேண்டும். வெங்காயத்தை மழை படாமல், காற்று மட்டும் போகும்படி பட்டறை போட்டுக் காப்பாற்றுகிற ஊர்க்காரனுக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

அதன்பிறகு கிழங்குகள் பருக்கத் தொடங்கின. சுண்டைக்காய் அளவு, எலுமிச்சை அளவு, பிறகு ஒரு கைக்குள் அடங்காத அளவு. நடுவில் ஒரு வருடம் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளி போட்ட புழு வந்து இலைகளைத் துளைத்தது. காலையும் மாலையும் கையாலேயே பொறுக்கினேன். ஏழு கிழங்குகள் தேறின. விசிறி விசிறியாக இலைகள் நிற்கும்போது பார்க்கிறவர்கள் நின்றுவிடுவார்கள். என் அறுபதுகளும் எழுபதுகளில் பாதியும் அந்தக் கூரைக்குக் கீழேதான் கழிந்தன என்று சொன்னால் தப்பில்லை.

ஆனால் ஒன்றுகூடப் பூக்கவில்லை.

பூத்தால் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டிவிட்டு, அப்போது உண்மையைச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். கையில் பூவை வைத்துக்கொண்டு சொன்னால் அடி கொஞ்சம் குறையும் என்ற கணக்கு. அதுவரை அக்கா காதுக்குப் போக வேண்டாம் என்று மனைவியிடமும் சொல்லிவைத்திருந்தேன். அவளுக்கு எண்பது தாண்டிவிட்டது. கண்ணில் ஒன்று மங்கிவிட்டது. எனக்கும் வயது குறையவில்லை. தொட்டிகளுக்கு உரம் மாற்றினேன், மண் மாற்றினேன். கோடையில் இலை எல்லாம் உதிர்ந்து காய்ந்து கிடக்கும்போது மனசு கேட்காமல் வாரம் ஒரு கை தண்ணீர் தெளித்தேன். எதற்கும் மசியவில்லை.

என் மனைவிதான் ஒருநாள் கேட்டாள். "அந்த ஊர்ல இது எப்படிப் பூக்கும்னு ஒங்க அக்காவ ஒரு வார்த்தை கேட்டா என்ன? கண்ணால பாத்தவங்க அவங்க ஒருத்தர்தானே?"

கேட்டால் எதற்குக் கேட்கிறாய் என்பாள். அன்றைக்குத்தான் மனைவியிடமே எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "அவங்க முளைப்பாரிக்குக் கை வைக்காததுக்குக் காரணம் நீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தப் பொங்கலுக்கு வழக்கம்போல அக்காவுக்குச் சீர் எடுத்துக்கொண்டு குன்னம் போனேன். பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, ஒரு கட்டுக் கரும்பு. சீரை இறக்கிவைத்துவிட்டு, அவள் காப்பி டம்ளரை நீட்டுவதற்குள், நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். வெட்டியது, குப்பையில் போட்டது, பொய் சொன்னது எல்லாம். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான் ஊத்துன தண்ணி?"

"அதனால ஒண்ணும் ஆகலக்கா. நல்லாத்தான் இருந்துச்சு."

"நல்லாத்தான் இருந்துச்சா?"

"ஆமாக்கா."

உள்ளே போய்விட்டாள். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், வரவில்லை. மகனுடைய மனைவி வந்து, "அத்தைக்குத் தலைவலிங்களாம். நீங்க போயிட்டு வாங்க" என்றாள்.

மாட்டுப் பொங்கலன்று காலையில் அக்கா மகன் ஒரு வண்டியில் வந்து நின்றான். கரும்புக் கட்டு, அரிசி, வெல்லம், மஞ்சள் எல்லாம் கட்டு பிரிக்காமல் வண்டியில் இருந்தன. அவன் முகமே சரியில்லை.

"மாமா, நான் எவ்வளவோ சொன்னேன். கேக்கல. கொண்டுபோய் எறக்கிட்டு வான்னுட்டாங்க. என்ன மாமா நடந்துச்சு?"

"உன் அம்மா செஞ்சது சரிதான். எறக்கு" என்றேன்.

பிறந்த வீட்டுச் சீரைத் திருப்பி அனுப்புவது என்றால் என்ன என்று எங்கள் பக்கத்தில் யாரிடமும் விளக்க வேண்டாம். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். அந்தக் கரும்பை யாரும் கடிக்கவில்லை. மனைவி அதை மாட்டுக்குப் போட்டாள்.

தை முடிந்து மாசி பிறந்த பிறகு ஒருநாள் மத்தியானம் போன் வந்தது. அக்காதான். எப்படி இருக்கிறாய் என்றெல்லாம் கேட்கவில்லை.

"ஒங் கண்ணாடிக் கொட்டாயில ஏதோ வளக்கறியாமே. எம் மருமவ சொன்னா, ஒம் பொண்டாட்டி சொன்னதா."

"ஆமாக்கா. அதே கிழங்குதான். பூக்கவே மாட்டேங்குது."

"கோடையில தண்ணி ஊத்துறியா?"

"கொஞ்சமா, தெளிக்கத்தான்."

"ஊத்தாத. அங்க ஆறு மாசம் ஒரு சொட்டு மழ கெடையாது. புல்லுக்குத் தீ வெச்சு வுட்டுருவாங்க. கண்ணுக்கு எட்டுன வரைக்கும் கரியாக் கெடக்கும். ஒரு பச்சை இருக்காது. அதுலதான் இது எலையே இல்லாம, கரிக்குள்ளேருந்து வரும். கொளுத்திப் பாரு."

"கிழங்கு வெந்துடாதாக்கா?"

"அத்தனை சருகு எதுக்குப் போத்திக்கிட்டு இருக்கு? நீதானே வாத்தியாரு." வைத்துவிட்டாள்.

இந்தக் கேள்வியை நான் முப்பது வருடம் மாணவர்களிடம் கேட்டிருக்க வேண்டியவன். என் பொய்யை மறைப்பதற்காகவே, பதில் தெரிந்த ஒரே ஆளிடம் இத்தனை வருடமும் வாய் திறக்காமல் இருந்திருக்கிறேன்.

தண்ணீரை அன்றோடு நிறுத்தினேன். மாசி கடைசியில், கொல்லையில் தொட்டிகளை வரிசையாக வைத்து, அறுவடை முடிந்த காட்டிலிருந்து மக்காச்சோளத் தட்டை கொண்டுவந்து லேசாகப் பரப்பிக் கொளுத்தினேன். சடசடவென்று எரிந்து சீக்கிரமே அடங்கியது. மேல் சருகுகள் கருகின. பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "சார், பதினஞ்சு வருசமா வளத்தத இப்படிக் கொளுத்திட்டீங்களே. வூட்டுல ஏதும் சண்டையா?" என்றார். நான் சாம்பலோடு தொட்டிகளைத் தூக்கித் திரும்பவும் கண்ணாடிக்குக் கீழே வைத்தேன். பங்குனிக் கோடைமழை ஏதாவது வந்து கெடுத்துவிடக் கூடாது என்று.

நெருப்பா, முழுக்கக் காயவிட்டதா, எது வேலை செய்தது என்று ஒரு தாவரவியல்காரனாக இன்றும் என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. பங்குனி நடுவில் ஒரு கிழங்கின் பக்கவாட்டில், கருகிய சருகுகளை விலக்கிக்கொண்டு ஒரு சிவந்த மூக்கு தெரிந்தது. முதலில் இலை என்று நினைத்தேன். இரண்டு நாளில் அது கட்டைவிரல் பருமனுக்கு நிமிர்ந்தது. நான் மனைவியைக் கூப்பிட்டேன். குரல் எப்படி வந்ததோ, அவள் நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்துக் கரண்டியோடு ஓடிவந்தாள்.

அடுத்த சில நாட்களில் உறை பிளந்து, உள்ளேயிருந்து ஒவ்வொரு பூவாக வெளியே வந்தது. ஒரு தண்டில் எண்ண முடியாத அளவு பூக்கள், ஒவ்வொன்றும் தனிக் காம்பில், எல்லாம் சேர்ந்து ஒரு பந்து. கத்தரிப் பூவும் செம்பருத்தியும் கலந்த நிறம். ஓர் இலை இல்லை. கரியும் சாம்பலும் நடுவில் அது மட்டும். வாசனை வாசல் வரைக்கும் வந்தது. முன்பு கேலி பேசிய தெரு முழுவதும் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் கூட்டிவந்தார்கள். சிமெண்ட் ஆலை மாணவருக்குப் படம் அனுப்பினேன். "சார், இங்கயே இவ்வளவு பெரிசா பாத்ததில்ல" என்று ஜாம்பியாவிலிருந்து பதில் வந்தது. எழுபத்தாறு வயதில் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. அதை மறைக்கவில்லை.

அக்காவுக்கு மட்டும் நான் போன் செய்யவில்லை. மனைவி செய்தாள். இரண்டு நாள் பதில் இல்லை. பூ அதிக நாள் நிற்காது. மூன்றாம் நாள் காலையில் மகனுடைய காரில் வந்து இறங்கினாள். என்னைப் பார்க்காமல் நேராகக் கொல்லைக்கு நடந்தாள். மனைவி ஒரு முக்காலியைப் பக்கத்தில் போட்டாள். நாங்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டோம்.

வெகுநேரம் கழித்து என்னைக் கூப்பிட்டாள். நல்ல கண் இருக்கும் பக்கமாகத் தலையைச் சாய்த்துப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க இன்னும் கொஞ்சம் செவப்பா இருக்கும். ஆனா வாசனை இதேதான்."

"சரிக்கா."

"நீ சொன்ன அந்த வார்த்தைக்கு இது ஈடு ஆவாது. ஆனா பூ நல்ல பூ."

"சரிக்கா."

"என்ன சரிக்கா, சரிக்கா. போய்க் காப்பி போடச் சொல்லு. காலையிலேருந்து ஒண்ணும் குடிக்கல."

பூ காய்ந்தபிறகு காம்புகள் நீண்டு விறைத்து, குடைக் கம்பிகள் மாதிரி நின்றன. விதை முற்றியதும் எல்லாவற்றையும் அவளிடம் கொடுத்தேன். வாங்கத் தயங்கினாள். கை பின்னுக்குப் போனது. பிறகு முந்தானையை நீட்டினாள். குன்னத்தில் மகன் வீட்டு மாடியில் என்னுடையது மாதிரியே ஒரு கண்ணாடிக் கூரை போடச் சொல்லி, அதன் கீழே தானே மண் கலந்து, தானே விதைத்தாள். பத்து விதையில் ஒன்பது முளைத்தது. என் முதல் வருடக் கணக்கைவிட அது ரொம்ப மேல். மருமகள் தடுத்தும் கேட்காமல் தினமும் மாடிப்படி ஏறுகிறாள். இந்த வருடத் திருவிழாவில் முளைப்பாரிக்கு முதல் விதை தூவியது அவள்தான்.

வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் மாடிக்கு அழைத்துப்போய்க் காட்டுகிறாள். நான் பக்கத்தில் நிற்கும்போதே கதை சொல்கிறாள். "எந் தம்பி காலேஜு வாத்தியாரு. ஜாம்பியாவுலேருந்து நான் கொண்டாந்தத, எவனோ பெரிய மனுசன் வந்தான்னு அறுத்துக் காட்டிப்புட்டான். அப்பறம் அவனே பதினஞ்சு வருசம் மெனக்கெட்டு வளத்தான்." எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும் நிற்கிறேன். தன்மேல் நான் பழியைப் போட்டதை மட்டும் அவள் யாரிடமும் சொல்வதில்லை. அதனால்தான் நானே எழுதிவிட்டேன்.

போன வாரம் போன் செய்தாள். "மூணாவது எலை வந்துருச்சு. வெயில் ஏறுது. மேல கண்ணாடிக்குச் சுண்ணாம்பு அடிக்கணும், மட்டையும் வாளியும் எடுத்துக்கிட்டு வா."

"ஏணி ஏற ஆள் பாக்கணும்க்கா, எனக்கு முட்டி வலி."

"ஆள நான் பாத்துக்கறேன். நீ கீழ நின்னு வாளியப் புடி. தொட்டிப் பக்கம் மட்டும் போவாத."

நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறேன்.